தேன்சிட்டுக்கு லாரிக் கண்ணாடி

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்ததே, பார்த்தீர்களா? சிறுசேரிப் பக்கம் அடுக்குமாடியில் உயரத்தில் குடியிருக்கும் நம்மில் ஒருவர், பால்கனியில் சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் பாட்டிலைத் தொங்கவிட்டு, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி, 'எங்கள் வீட்டு ஹம்மிங் பேர்டுக்காகக் காத்திருக்கிறோம்' என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடு, இதயம், பூங்கொத்து. ஐயா, ஹம்மிங் பேர்ட் அமெரிக்காப் பக்கத்துப் பறவை. அது உங்கள் பால்கனிக்கு வர விசா எடுக்க வேண்டும். நம் ஊரில் பூவுக்குள் மூக்கை விட்டுத் தேன் குடிப்பதற்குப் பெயர் தேன்சிட்டு. தொட்டியில் ஒரு இட்லிப்பூச் செடி வைத்தால் தானாக வரும். பாட்டில் வாங்கின காசுக்கு நாலு செடி வாங்கியிருக்கலாம்.

இதோடு போயிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். குட்மார்னிங் படங்களையே பொறுத்துக்கொள்கிறவளுக்கு இது ஒரு பொருட்டா? ஆனால் அதற்குக் கீழே இன்னொருவர் எழுதினார்: 'இந்த பாட்டில் அப்பவே இருந்திருந்தா நம்ம குருவி அத்தைக்குக் கல்யாணம் நடந்திருக்கும்.' உடனே விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள். எழுதினவர் பேரன் பேத்தி எடுத்தவர். புத்தி மட்டும் இன்னும் அரை டிராயர் போட்டுக்கொண்டு நிற்கிறது.

குருவிக்காகக் கல்யாணத்தை விட்டவள். இதுதானே நம் வீட்டுக் கதை? ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் பாயசம் வருகிறதோ இல்லையோ, இந்தக் கதை வந்துவிடும். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே இல்லை. இருந்த மீதிப் பேர் கூடத்தில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தீர்கள். கொல்லையில் இருந்தவள் நான். எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. சொல்கிறேன், கேளுங்கள். கேட்காவிட்டாலும் எனக்கு ஒன்றும் நட்டமில்லை.

செங்கல்பட்டில் ஏரியை ஒட்டின தெருவில் நம் வீடு. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடையும் மேலே பல் டாக்டரும் இருக்கிறார்கள். அப்போது கொல்லை பெரிசு. அடிபம்பு, துணி துவைக்கிற கல், ஒரு கொய்யா, ஒரு முருங்கை, நாலைந்து வாழை, வேலி ஓரம் செம்பருத்தியும் இட்லிப்பூவும். பக்கத்துச் சந்தில் பெரியப்பாவின் லாரி நிற்கும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கட்டடங்களுக்குச் செங்கல், ஜல்லி ஏற்றிப் போகிற லாரி. ஓடின நாளைவிட ரிப்பேருக்கு நின்ற நாள் அதிகம்.

பெரியப்பா எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு முழுசாகச் செய்து முடிக்கிறவர். என் அப்பா அவருக்குத் தம்பி. தலையை ஆட்டுவது தவிர வேறு வேலை பார்த்து நான் பார்த்ததில்லை. இந்த இருவருக்கும் கடைசித் தங்கை அத்தை. முப்பதைத் தாண்டிவிட்டிருந்தாள். ஜாதகத்தில் செவ்வாய், நிறத்தில் மட்டு, போதாததற்கு நேராக முகம் பார்த்துப் பேசுகிற பழக்கம். வந்த வரனெல்லாம் கேசரியைத் தின்றுவிட்டு, 'ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்' என்று போய்விடும். கடையில் விற்காமல் தங்கிப்போன சரக்கைப் பார்ப்பது மாதிரிதான் பெரியப்பா அவளைப் பார்ப்பார். அவளோ ரேழியில் தையல் மிஷினைப் போட்டு, தெருவுக்கே ஜாக்கெட் தைத்து, தன் சாப்பாட்டுக்கு மேலேயே சம்பாதித்துக்கொண்டிருந்தாள். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. காலையில் கோபால் பல்பொடியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு... இல்லை, கம்பெனிப் பெயர் எதற்கு, ரோஸ் நிறப் பல்பொடி, தித்திக்கும், பாதியைத் தின்றுவிடுவேன். அதோடு துவைக்கிற கல்லில் போய் அத்தை பக்கத்தில் உட்காருவேன். அந்த நேரத்தில்தான் சிட்டுகள் வரும். ஆணுக்கு நெற்றியில் பச்சை மினுக்கம், தொண்டை நாவல்பழ நிறம், வயிறு நல்ல மஞ்சள். வெயில் படாதபோது பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும். ஒரு திருப்பு திருப்பினால் பட்டுப்புடவைக் கரை மாதிரி மின்னும். பெண் சாம்பலும் வெளிறின மஞ்சளுமாக, கண்ணுக்கே படாது. அதுதான் எல்லா வேலையும் செய்யும். முருங்கைப் பூவில் தலைகீழாகத் தொங்கும். செம்பருத்தியின் அடியில் பக்கவாட்டில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடும். அத்தை வாயில் பல்பொடி நுரையோடு, "திருட்டுக் கய்தே" என்று சிரிப்பாள். வீட்டுக்குள் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் போகிக்கு வீடு முழுக்க ஒட்டடை அடித்து வெள்ளையடித்தார்கள். குளியலறையில் மட்டும் அத்தை யாரையும் விடவில்லை. கூரை மூலையெல்லாம் சிலந்தி வலை திரைச்சீலை மாதிரி தொங்கியது. பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி இது? வூடு பூரா வெள்ளையடிச்சாச்சு, குளிக்கிற எடத்துல மட்டும் சிலந்தி குடித்தனம் நடத்துது?"

"இருக்கட்டும் அண்ணி. அதுக்கு வேலை கீது."

"சிலந்தி வலைக்கு இன்னா வேலை கீது? ஜாக்கெட் தைக்கப் போறியா?"

பொங்கல் முடிந்ததும் தெரிந்தது. பெண் சிட்டு குளியலறை ஜன்னல் வழியாக உள்ளே வரும், வலையை மூக்கில் சுற்றிக்கொள்ளும், போகும். கொடிக்கயிற்றின் ஓரத்தில், பழைய நைலான் வயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்த இடத்தில், வலையால் ஒட்டி ஒட்டிக் கூடு கட்டியது. காய்ந்த சருகு, மரப்பட்டைத் துணுக்கு, பூச்சி எச்சம், அத்தை தைத்து எறிந்த நூல். பார்க்கிறவனுக்குக் காற்றில் மாட்டின குப்பை. கிட்டே போனால் வாசலும், வாசலுக்கு மேல் மழை படாமல் நீட்டின கூரையும் இருக்கும். அத்தை அந்தக் கயிற்றில் துணி காயப்போடக் கூடாதென்று எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். வேறு கயிறு அவளே கட்டினாள்.

மாசியில் தரகர் ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளை கல்பாக்கம் டவுன்ஷிப்பில் டெக்னீஷியன். நல்ல வேலை, குவார்ட்டர்ஸ், வயசு அத்தைக்குச் சரியாக இருந்தது. அம்மா இல்லை. அப்பா மட்டும், ரிட்டயராகி மகனோடு இருக்கிறார். தரகர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பெரியவரு சொல்றதுதான் அங்க சட்டம். அவருக்குப் பட்சின்னா உசுரு. கேமராவ மாட்டிகினு மகாபலிபுரம், சட்ராசுன்னு சுத்திகினே இருப்பாரு. ஒங்க தோட்டத்துல ரெண்டு பட்சி வந்துச்சுன்னு வெய்யி, ஜாதகமாவது ஒண்ணாவது. வந்த வேலை முடிஞ்சுது."

அவ்வளவுதான். பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரைக்கும் காக்காவுக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர், மறுநாளே பறவைகளுக்கு மாமனாராகிவிட்டார். முதலில் தேங்காய்ச் சிரட்டைகளில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி மரமெல்லாம் கட்டினார். எறும்புதான் குடும்பத்தோடு வந்தது. சிவப்பென்றால் வருமாம் என்று யாரோ சொல்ல, தண்ணீரில் கேசரிப் பவுடரைக் கலக்கினார். பெரியம்மா அன்றைக்குக் கேசரி கிளறப் பவுடரில்லாமல் வெள்ளையாகக் கிளறி அவர் முன்னால் வைத்தாள். பிறகு பஜாரிலிருந்து ஒரு கூடை பிளாஸ்டிக் ரோஜா வாங்கிவந்து, நிஜச் செம்பருத்திச் செடியில் கம்பி போட்டுக் கட்டினார். நிஜப் பூவெல்லாம் அதற்குப் பின்னால் போய்விட்டது. சிட்டுகள் வாழைப்பூவுக்குப் போய்விட்டன.

அத்தை பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அண்ணா, பட்சி ஏற்கெனவே வந்துகினுதான் கீது. கொடிக்கயித்துல கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கப்போவுது. காலைல இங்க வந்து சும்மா குந்தினா போதும், தானா காட்டும்."

பெரியப்பா கூட்டை ஏற இறங்கப் பார்த்தார். "இதுவா? இது குப்பைம்மா. வரவங்களுக்குக் குப்பையக் காட்டுவியா? பட்சி ஷோக்கா எதிர்ல வந்து நிக்கணும்."

நிற்க வைக்கிற வழியும் அவருக்குக் கிடைத்தது. எஞ்சின் இறக்கி வைத்து லாரி நாள் கணக்கில் சந்தில் நின்றிருந்தது. அதன் சைடு கண்ணாடியில் ஆண் சிட்டு வந்து மோதிக்கொண்டே இருந்தது. அசிங்கம் பண்ணுகிறதென்று டிரைவர் கண்ணாடியில் ஒரு கந்தல் துணியைக் கட்டிவைத்திருந்தார். பெரியப்பா ஒருநாள் துணியை அவிழ்த்துப் பார்த்தார். சிட்டு வந்தது. டக் டக்கென்று கொத்தியது. போகவே இல்லை. வீட்டையே கூப்பிட்டுக் காட்டினார். அன்று சாயங்காலமே ஸ்பானர் போட்டுக் கண்ணாடியைக் கழற்றி, கொய்யா மரத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டார். கூட்டுக்கு நேர் எதிரில், நாலு எட்டு தூரத்தில்.

மறுநாளிலிருந்து ஆண் சிட்டுக்கு வேறு வேலையில்லை. விடிந்ததும் கண்ணாடி. வெயில் ஏறினாலும் கண்ணாடி. வீடே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. "தன் அழகத் தானே பாத்துக்குது" என்றாள் பெரியம்மா. "ஜோடின்னு நெனச்சி முத்தம் குடுக்குது" என்றார் பெரியப்பா. அப்பா தலையை ஆட்டினார். இரண்டு சேவல் சண்டை போடுவதைப் பார்த்தவனுக்குத் தெரியாதா அது முத்தமா, குத்தா என்று? தன் எல்லையில் இன்னொரு ஆண் வந்துவிட்டதென்று அது செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. எதிரியோ களைக்கவே மாட்டேன் என்கிறான். இவர்கள் கைதட்டுகிறார்கள்.

பெண் பார்க்க வந்தபோது கூட்டில் குஞ்சு பொரித்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, அந்தப் பெரியவர், சஃபாரி சூட்டில், கழுத்தில் பைனாகுலர் தொங்க, கூடத்தில் ஐந்து நிமிஷம்கூட உட்காரவில்லை. "எங்க தோட்டம்?" என்று எழுந்தார். கண்ணாடியில் சிட்டைப் பார்த்ததும் குழந்தை மாதிரி குதித்தார்.

"ஹம்மிங் பேர்ட்! ஹம்மிங் பேர்ட் சார் இது! அமெரிக்கன் மேகஸின்ல பார்த்திருக்கேன். இதை நான் படம் எடுத்துப் போட்டா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"நம்ம வூட்டு வளப்பு சார்" என்றார் பெரியப்பா, கூச்சமே இல்லாமல். "கல்யாணக் களை தெரிஞ்சிபோச்சு அதுக்கு."

பறவைக்காக உயிரை விடுகிறவர் என்று பேர் வாங்கின மனுஷன், வாழ்நாள் முழுக்கக் கடற்கரையெல்லாம் சுற்றினவர், தன் ஊர்த் தேன்சிட்டைத் தெரியாதவர். நாலு எட்டில் தொங்கிய கூட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை காபித் தட்டோடு பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்காமல், கையை மட்டும் நீட்டி டம்ளரை எடுத்துக்கொண்டார். "எல்லாம் ரொம்பத் திருப்தி" என்றார். அடுத்த ஞாயிறு கேமராவோடு வருவதாகவும், வந்த கையோடு வைகாசியில் தேதி குறித்துவிடலாம் என்றும் சொன்னார். பெரியம்மா சாமி அறைக்கு ஓடினாள்.

மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதை சுலபம். ஒல்லியாக, எண்ணெய் வைத்து வாரின தலை, மெதுவான குரல். கிளம்பும்போது அவர் செருப்பு வார் அறுந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் காலை இழுத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருப்பார். இவர் நேராக அத்தையைப் பார்த்து, "ஒரு ஊக்கு கெடைக்குங்களா?" என்று கேட்டார். அத்தை புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் குனிந்து மாட்டப் பார்த்து விரலில் குத்திக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்று ராத்திரி முழுக்க அத்தை ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மிஷினை மிதித்தாள்.

வாரத்தின் நடுவில் அவர் தனியாக வந்தார். ஊக்கைத் திருப்பிக் கொடுக்கவாம். ஒரு ஊக்குக்காகக் கல்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவாரா ஒருத்தர்? பெரியம்மாவுக்கே முகம் மலர்ந்துவிட்டது. கொல்லைக்கு அனுப்பினாள், காவலுக்கு என்னையும் அனுப்பினாள்.

அன்று காலையில்தான் கூட்டுக்கு அடியில் ஒரு குஞ்சு செத்துக் கிடந்திருந்தது. ரோமமில்லாமல், கண் திறக்காமல், புளியங்கொட்டை அளவுக்கு. அத்தை அதை இலையில் வைத்து எடுத்துப்போய் வாழை அடியில் புதைத்திருந்தாள். அவளுக்குக் கண் சிவந்திருந்தது. மாப்பிள்ளை என்ன என்று கேட்டார். அத்தை எல்லாம் சொன்னாள். ஆணும் பெண்ணும் இரண்டுமாகப் பூச்சி பிடித்து ஊட்டினால்தான் குஞ்சு பிழைக்கும். ஆண் கண்ணாடியே கதியென்று கிடக்கிறது. பெண் ஒற்றையாக ஓடி ஓடிச் சமாளிக்க முடியவில்லை.

"ஒண்ணு பூட்ச்சு. இன்னொண்ணு கீது. கண்ணாடி இன்னும் நாலு நாளு இருந்தா அதுவும் பூடும்."

அவர் கூட்டுக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு குட்டி வாய், மஞ்சள் ஓரம் போட்டது, எட்டிப் பிளந்தது. அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நடிப்பில்லை, நிஜமாகவே மாறியது. "பாவங்க" என்றார். "நீங்க கண்ணாடியை எடுத்துடுங்க. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். ஞாயித்துக்கிழமை மாட்ட வேணாம். கண்டிப்பா சொல்றேன்."

அவர் போனதும் அத்தை கண்ணாடியைக் கழற்றிச் சாக்கில் சுற்றிவைத்தாள். பெரியப்பா குதித்தார். மாப்பிள்ளையே சொல்லிவிட்டார் என்றதும் அடங்கினார். ஆண் சிட்டு ஒரு நாள் ஆணியையே சுற்றிச் சுற்றி வந்து எதிரியைத் தேடியது. அதற்கப்புறம் புத்தி வந்து, பூச்சி பிடிக்கப் போனது. குஞ்சுக்கு முள் முள்ளாக இறகு முளைத்தது. அத்தை அந்த நாலு நாளும் இருந்த இருப்பை நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். தெருவில் ஜாக்கெட்டுக்குக் கூலிகூட வாங்க மறந்துபோனாள். அவளுக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதை யாரும் சொல்வதே இல்லை. கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள் மாதிரி கதை கட்டுகிறீர்கள். அவள் அந்த மனுஷனை ஆசையாகக் கட்டிக்கொள்ள இருந்தாள்.

ஞாயிறு வந்தது. பெரியவர் கேமரா, மூன்று கால் ஸ்டாண்டு, தோல் பெட்டி சகிதம் இறங்கினார். தூக்கி வந்தவர் மாப்பிள்ளை. தேதி குறிக்க அய்யர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நீங்களெல்லாம் பஜ்ஜி தின்ன வந்திருந்தீர்கள்.

பெரியவர் நேராகக் கொல்லைக்கு வந்து கொய்யா மரத்தைப் பார்த்தார். "கண்ணாடி எங்க?"

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் ஸ்டாண்டின் காலை விரித்துக்கொண்டிருந்தார். இன்னும் விரித்தார். அதற்குமேல் விரிய இடமில்லை.

"தோ, ஒரே நிமிசம் சார்" என்று பெரியப்பா சாக்கைப் பிரித்துக் கண்ணாடியை மாட்டினார். மாட்டி முடிப்பதற்குள் ஆண் சிட்டு வந்துவிட்டது. டக். டக். டக். பெரியவர் ஒரு நாற்காலி கேட்டார். அதை இழுத்துப்போட்ட இடம் கூட்டுக்குக் கீழேயே. முதுகைக் கூட்டுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெண் சிட்டு மூக்கில் ஒரு சிலந்தியோடு வந்தது, ஆளைப் பார்த்தது, முருங்கைக் கிளையில் உட்கார்ந்து கத்தியது. கிட்டே வரப் பயம். போகவும் மனசில்லை.

அத்தை மாப்பிள்ளை பக்கத்தில் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"சொன்னீங்களா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றார். "பஸ்ல வரும்போது அப்பா ரொம்ப சந்தோஷமா இருந்தாரு. கெடுக்க வேணாமேன்னு... ரெண்டே ரெண்டு போட்டோங்க. எடுத்துட்டுக் கழட்டிடலாம்."

அத்தை சரியென்று தலையசைத்தாள். ஆமாம், சரியென்றாள். திமிர் பிடித்தவள், எடுத்தவுடன் எகிறினாள் என்று சொல்கிறீர்களே, அவள் காத்திருந்தாள். ஒரு பிலிம் ரோல் முடிந்தது. பெரியவர் இன்னொரு ரோல் மாட்டினார். வெயில் மாறியது, நாற்காலியை மாற்றாமல் உடம்பை மட்டும் மாற்றினார். காபி வந்தது, பஜ்ஜி வந்தது. பெண் சிட்டு மூக்கிலிருந்த சிலந்தியைத் தானே விழுங்கிவிட்டு மறுபடியும் ஒன்றைப் பிடித்துவந்தது. கூட்டுக்குள் குஞ்சு முதலில் சத்தம் போட்டது. பிறகு சத்தம் போடவில்லை.

"இப்பச் சொல்லுங்க" என்றாள் அத்தை, இரண்டாம் தடவையாக.

அவர் தன் அப்பாவைப் பார்த்தார். கையிலிருந்த லென்ஸ் மூடியைக் கைக்குட்டையால் துடைத்தார். அதில் ஒரு தூசியும் இல்லை. "கல்யாணம் ஆகட்டுங்க. அப்புறம் இதெல்லாம் மெதுவாப் பேசிப் புரியவைக்கலாம்."

அத்தை அடிபம்புக்குப் போனாள். அங்கே கிடந்த ஈரத்துண்டை எடுத்து உதறினாள். நேராகக் கொய்யா மரத்துக்கு வந்து கண்ணாடி மேல் போட்டு மூடினாள். சிட்டு விருட்டென்று விலகியது.

பெரியவர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்தார். அத்தையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பிறகு பெரியப்பா பக்கம் திரும்பிக் கேட்டார்:

"யாருங்க இந்தப் பொண்ணு?"

சத்தியமாக இதைத்தான் கேட்டார். என் காதால் கேட்டேன். முந்தின வாரம் அவள் கையால் காபி வாங்கிக் குடித்து, ரொம்பத் திருப்தி என்று சொல்லிவிட்டுப் போனவர். பெரியப்பா கீ கொடுத்த பொம்மை மாதிரி சிரித்தார். "இன்னா சார், தமாசா? கல்யாணப் பொண்ணுதான். எந்தங்கச்சி."

"ஓ, அப்படியா? நல்ல பொண்ணு, நல்ல பொண்ணு. அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுக்கச் சொல்லுங்க. வெளிச்சம் போயிடும்."

பெரியப்பா அத்தையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "எட்றி அந்தத் துண்ட."

அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். 'அப்பா, இது நான் கட்டிக்கப்போற பொண்ணு' என்று ஒரு வார்த்தை. குருவியை விடுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும் என்று அவள் நின்ற நிற்பு எனக்கே தெரிந்தது, பத்து வயசுக் கழுதைக்கு. அவருக்கும் தெரிந்தது. முகம் சிவந்துபோயிற்று. வாயைத் திறந்தார்.

"துண்ட எடுத்துடுங்களேன்" என்றார். "ரெண்டு நிமிஷந்தான்."

அத்தை துண்டின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு சாதாரணமாக, ஜாக்கெட் வாங்க வந்தவர்களிடம் சொல்வது மாதிரி சொன்னாள். "எடுக்க மாட்டேங்க. நீங்க கெளம்புங்க. அடுத்த பஸ்ஸு இருக்கும்."

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரிந்த கதை. பெரியப்பா கத்தியது, பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டது, அய்யர் பஞ்சாங்கத்தைச் சுருட்டியது. பெரியவர் வாசல் வரைக்கும் "அபூர்வமான பறவை, அபூர்வமான பறவை" என்று புலம்பிக்கொண்டே போனார். தெருவே கேட்டது, கல்யாணம் ஏன் நின்றது என்று. ஒரு குருவிக்காக நிறுத்திவிட்டாள் என்று பெரியப்பா சொன்னார். தான் ஆணி அடித்ததைச் சொல்லவில்லை. மாப்பிள்ளை வாயில்லாமல் நின்றதைச் சொல்லவில்லை. சொன்னால் நம் வீட்டு ஆண்கள் எல்லாருக்கும் அல்லவா உறைக்கும்? என் அப்பாவும் அங்கேதான், வாழை மரத்தடியில், தலையை எந்தப் பக்கம் ஆட்டுவதென்று தெரியாமல் நின்றார். அதனால் எல்லாருமாகச் சேர்ந்து பழியைக் குருவி தலையில் கட்டினீர்கள். அதற்குப் பிறகு அத்தைக்கு யாரும் வரன் பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. நம்மில் எத்தனை பேருடைய கல்யாண ஜாக்கெட் அவள் தைத்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

அந்தக் குஞ்சு பிழைத்தது. நாற்காலி காலியானதும் பெண் சிட்டு உள்ளே பாய்ந்தது, பின்னாலேயே ஆணும் வந்தது. சில நாளில் அது கயிற்றில் தொற்றி உட்கார்ந்து, அடுத்த நாள் போய்விட்டது. போனதைப் பார்க்க வீட்டில் யாருக்கும் நேரமில்லை.

அந்த ஞாயிறு சாயங்காலம் அடிபம்படியில் அத்தையும் நானும்தான். வந்தவர்கள் குடித்த டம்ளரெல்லாம் மலையாகக் குவிந்திருந்தது. அவள் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் பம்பு அடித்தேன். மூக்கை உறிஞ்சினாள், புறங்கையால் துடைத்தாள், தேய்த்தாள். ஒரே டம்ளரைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள். எனக்கு அவளைச் சமாதானப்படுத்த வேண்டும்போல் இருந்தது. வீட்டில் எல்லாரும் திட்டும்போது கற்றுக்கொண்ட வார்த்தைகளை வைத்து, மாப்பிள்ளையைத் திட்டினேன். "அந்தாளு மோசம் அத்தை. ரொம்ப மோசம்."

அத்தை டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"இல்லடி. அவரு நல்லவருதான்" என்றாள். "அதான் பேஜாரு."